அளக்கும் படி யார் கையில்?

2023 செப்டம்பர் 15ஆம் தேதி மேற்கு வர்ஜீனியாப் பல்கலைக்கழகத்தின் நிர்வாகக் குழு மார்கன்டவுன் நகரில் கூடியது. வெட்டை நிறுத்தச் சொல்லி மாணவர்கள் முழக்கமிட்டுக் கூட்டத்தை இடைமறித்தார்கள். கூட்டம் முடிந்தபோது 28 பட்டப் படிப்புகளும் 143 ஆசிரியர் பணியிடங்களும் இல்லாமல் போயிருந்தன. காரணமாகச் சொல்லப்பட்டது ஒரே ஓர் எண்தான்: பட்ஜெட்டில் விழுந்த 4 கோடியே 50 லட்சம் டாலர் துண்டு.

"ஆற்றில் போட்டாலும் அளந்து போடு" என்பது நம் பழமொழி. அளந்துதான் போட்டோம் என்று நிர்வாகமும் சொன்னது. படிப்பு வாரியாக மாணவர் எண்ணிக்கை, வருமானம், ஆசிரியர் எண்ணிக்கை எல்லாம் அட்டவணை அட்டவணையாக வெளிவந்தன. எண்கள் இருந்தன என்பதில் சண்டையில்லை. எந்த எண் பேரேட்டில் ஏறியது, எது ஏறாமல் நின்றது, ஏற்றும் அதிகாரம் யாரிடம் இருந்தது என்பதில்தான் என் கேள்வி. அந்த ஏட்டை வரி வரியாகப் புரட்டிப் பார்ப்போம்.

துண்டு எப்படி விழுந்தது?

மேற்கு வர்ஜீனியா நிலக்கரி பூமி. அங்கே மக்கள்தொகை குறைந்துகொண்டே வருகிறது. 2010 கணக்கெடுப்பில் 18,52,994 பேர் இருந்தார்கள். 2020இல் 17,93,716 பேர். பத்தாண்டில் 59,278 பேர் குறைவு, அதாவது 3.2 சதவீதம். அந்தப் பத்தாண்டில் அமெரிக்க மாநிலங்களிலேயே சதவீதக் கணக்கில் மிக அதிகமான சரிவு இதுதான். பட்டம் பெற்ற வயதுவந்தோரின் விகிதத்திலும் அந்த மாநிலம் கடைசி வரிசையில் நிற்கிறது. நான்கு பேரில் ஒருவருக்குக்கூடப் பட்டம் இல்லை.

நாடு முழுவதற்குமான கணக்கும் இதே திசையில்தான் போகிறது. 2007இல் அமெரிக்காவில் 43,16,233 குழந்தைகள் பிறந்தன. 2020இல் 36,13,647. ஏழு லட்சத்துக்கும் மேல் குறைவு, 16 சதவீதம். 2007இல் பிறந்த குழந்தைக்கு 18 வயது ஆவது 2025இல். அதற்குப் பிறகு கல்லூரி வாசலுக்கு வரும் கூட்டம் ஆண்டுக்கு ஆண்டு மெலியும் என்பதைச் சொல்ல ஜோசியம் தேவையில்லை. பிறப்புப் பதிவேடு போதும்.

இந்தப் பதிவேடு எல்லோர் கண்ணுக்கும் முன்னால் இருந்தும், 2014இல் மீண்டும் தலைவர் பொறுப்புக்கு வந்த கோர்டன் கீ, 2020க்குள் மாணவர் எண்ணிக்கையை 40,000 ஆக்குவோம் என்று இலக்கு வைத்தார். நடந்தது நேர்மாறு. 2015க்குப் பிறகு மாணவர் எண்ணிக்கை 10 சதவீதம் குறைந்தது. அடுத்த பத்தாண்டில் மேலும் 5,000 பேர் குறைவார்கள் என்று 2023இல் நிர்வாகமே கணித்தது. ஒன்றும் செய்யாவிட்டால் ஐந்தாண்டில் துண்டு 7 கோடியே 50 லட்சம் டாலராகும் என்றும் சொன்னது.

கணிப்பு தவறுவது குற்றமல்ல. ஆனால் 40,000 என்ற கணிப்பைப் போட்டவர்கள் ஒருபுறம், அது பொய்த்ததற்கான விலையைக் கொடுத்தவர்கள் மறுபுறம் என்று ஆகும்போது, ஏட்டில் ஒரு வரி விட்டுப்போகிறது. கீயின் அப்போதைய ஆண்டு அடிப்படைச் சம்பளம் 8 லட்சம் டாலர். 2023 கோடையில், வெட்டுத் திட்டம் தயாராகிக்கொண்டிருந்தபோதே, அவரது ஒப்பந்தம் 2025 வரை நீட்டிக்கப்பட்டது.

ஏறாமல் நின்ற வரி: அரசின் பங்கு

இது ஒரு மாநிலப் பல்கலைக்கழகம். 1862இல் லிங்கன் கையெழுத்திட்ட மாரில் சட்டம் மாநிலங்களுக்கு நிலம் கொடுத்து, அதைக்கொண்டு கல்லூரி நடத்தச் சொன்னது. அதன்படி 1867இல் பிறந்தது மார்கன்டவுன் கல்லூரி. வேளாண்மையும் இயந்திரவியலும் கற்பிக்க வேண்டும், ஆனால் மொழி, இலக்கியம் போன்ற செவ்வியல் படிப்புகளை விட்டுவிடக் கூடாது என்பதையும் அந்தச் சட்டம் சேர்த்தே எழுதியது. உழைப்பாளி வீட்டுப் பிள்ளைக்கும் முழுமையான கல்வி வேண்டும் என்பது அதன் நோக்கம்.

அந்த நோக்கத்துக்குப் பணம் எங்கிருந்து வந்தது, எப்போது வற்றியது? மாநில பட்ஜெட்டை ஆராயும் மேற்கு வர்ஜீனியா பட்ஜெட் கொள்கை மையம் ஒரு கணக்குப் போட்டது. உயர்கல்விக்கான நிதியைப் பத்தாண்டுகளுக்கு முன்பிருந்த அளவிலேயே மாநிலம் வைத்திருந்தால், இந்தப் பல்கலைக்கழகத்துக்கு மட்டும் துண்டு விழுந்த அந்த ஆண்டில் 3 கோடியே 76 லட்சம் டாலர் கூடுதலாகக் கிடைத்திருக்கும் என்றது அந்த மையம்.

கழித்துப் பார்ப்போம். துண்டு 4 கோடியே 50 லட்சம். விட்டுப்போன அரசுப் பங்கு 3 கோடியே 76 லட்சம். மீதி 74 லட்சம் டாலர். துண்டில் 84 சதவீதம் அரசு கைவிட்ட இடத்தில் விழுந்த துண்டு. மாணவர் குறைந்தது, செலவு கூடியது, கணிப்பு தவறியது ஆகியவற்றின் சுமையைத் தாங்கியிருக்க வேண்டிய தூண் முன்பே அரிக்கப்பட்டிருந்தது.

அரசிடம் பணம் இல்லையா? 2023 ஜூனில் முடிந்த நிதியாண்டில் மாநிலத்தின் உபரி சுமார் 180 கோடி டாலர். அது மாநில வரலாற்றிலேயே உச்சம். பல்கலைக்கழகத்தின் துண்டு அந்த உபரியில் இரண்டரை சதவீதம்.

இன்னொரு வரியும் உண்டு. 2023 ஆகஸ்ட்டில் சிறப்புக் கூட்டம் நடத்திய மாநிலச் சட்டமன்றம், ஹன்டிங்டனில் உள்ள மார்ஷல் பல்கலைக்கழகத்தின் இணையப் பாதுகாப்பு மையத்துக்கு 4 கோடியே 50 லட்சம் டாலர் ஒதுக்கியது. வெட்டுப் பரிந்துரை வந்த அதே மாதம், துண்டின் அதே தொகை. மார்ஷலுக்குக் கொடுத்ததில் தவறில்லை. அந்த மையமும் பிள்ளைகளுக்குத்தான். ஆனால் பணம் இல்லாததால் மொழித் துறையை மூடுகிறோம் என்ற வாதம் அந்த மாதத்தோடு உடைந்துபோனது. பணம் இருந்தது. எதற்குக் கொடுப்பது என்ற தேர்வுதான் நடந்தது.

பற்றுப் பக்கம்: யாரிடமிருந்து எவ்வளவு

2023 ஆகஸ்ட் 10ஆம் தேதி முதல் பரிந்துரை வந்தது. மொத்தம் 338 பட்டப் படிப்புகளில் 32ஐ நிறுத்துவது. 169 ஆசிரியர் பணியிடங்களை, அதாவது மொத்தத்தில் 7 சதவீதத்தை, நீக்குவது. துறைகள் முறையீடு செய்தன. செப்டம்பரில் இறுதி எண்ணிக்கை 28 படிப்புகள், 143 இடங்கள், ஏறத்தாழ 5 சதவீதம் ஆசிரியர்கள் என்று நின்றது.

இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் முக்கியம்: 4 படிப்புகள், 26 பணியிடங்கள். ஐந்து வார அளவே கிடைத்த அவகாசத்தில், துறைத் தலைவர்கள் ஏட்டில் விடுபட்டதைச் சுட்டிக்காட்டி மீட்டவை அவை. படைப்பிலக்கிய முதுநிலைப் படிப்பு அப்படித்தான் தப்பியது. 26 இடங்களில் 26 குடும்பங்கள் இருக்கின்றன. அவசர முறையீட்டுக்கே இவ்வளவு பலன் என்றால், கணக்குப் போடும்போதே அவர்களை உட்காரவைத்திருந்தால் எவ்வளவு சரியாகியிருக்கும்?

அதிக அடி விழுந்த இடம் எபர்லி கலை அறிவியல் கல்லூரி. உலக மொழிகள், இலக்கியங்கள், மொழியியல் துறையில் இருந்த 24 ஆசிரியர் இடங்களையும் நீக்கத்தான் முதல் பரிந்துரை. மாற்றாக இணையச் செயலிகளையும் பிற பல்கலைக்கழகங்களோடு கூட்டையும் ஆராய்வதாக நிர்வாகம் சொன்னது. எதிர்ப்பு நாடெங்கும் கிளம்பிய பிறகு 7 இடங்கள் மிஞ்சின. ஸ்பானிஷ், சீனம் போன்றவற்றை விருப்பப் பாடமாகப் படிக்கலாம்; மொழியில் பட்டம் பெற முடியாது. 24இலிருந்து 7. பத்தில் ஏழு பேர் போனார்கள். கணிதத்தில் முனைவர் பட்டப் படிப்பும் நிறுத்தப்பட்டது. கல்வியியல் துறையில் ஆசிரியர்களில் மூன்றில் ஒரு பங்கு நீங்கினர். பள்ளிக்கூடங்களுக்கு ஆசிரியர்களை உருவாக்கும் துறை அது.

முதலில் பரிந்துரைக்கப்பட்ட 32 படிப்புகளில் பதிந்திருந்த மாணவர்கள் 434 பேர்: 147 பேர் இளநிலை, 287 பேர் முதுநிலையும் மேலும். மொத்த மாணவரில் 2 சதவீதத்துக்கும் குறைவு என்று நிர்வாகம் எடுத்துக்காட்டியது. எண் சரிதான். ஆனால் அது பட்டத்துக்குப் பதிந்தவர்களை மட்டும் எண்ணுகிறது. பொறியியல் படித்துக்கொண்டே ஜெர்மன் கற்றவரும், செவிலியர் படிப்போடு ஸ்பானிஷ் எடுத்தவரும் இந்த 434இல் இல்லை. ஒரு மொழித் துறையின் வேலையில் பெரும்பகுதி பிற துறை மாணவர்களுக்குக் கற்பிப்பதே. ஊர்க் கிணற்றில் தண்ணீர் எடுப்பவர் எத்தனை பேர் என்று கேட்டால், கிணற்றுக்குப் பக்கத்து வீட்டுத் தலைகளை மட்டும் எண்ணிச் சொன்னதுபோல் இருந்தது.

143 இடங்கள் எவ்வளவு மிச்சம் தரும்? சம்பளம், காப்பீடு, ஓய்வூதியம் எல்லாம் சேர்த்து ஓர் இடத்துக்கு ஆண்டுக்கு ஒரு லட்சம் டாலர் என்று கணக்குக்காக வைத்துக்கொண்டால், 1 கோடியே 43 லட்சம் டாலர். துண்டில் மூன்றில் ஒரு பங்கைக்கூட அது எட்டவில்லை. அதே அளவுகோலில், படிப்புகளை மதிப்பிட அமர்த்தப்பட்ட வெளி ஆலோசனை நிறுவனத்தின் 8,75,000 டாலர் ஒப்பந்தம் கிட்டத்தட்ட ஒன்பது ஆசிரியர்களின் ஓராண்டுச் செலவு. மிஞ்சிய மொழி ஆசிரியர்கள் ஏழு பேர்.

ஒரு வகுப்பறையின் ஐந்தொகை

பெரிய எண்களை விட்டு ஒரே ஒரு வகுப்பறைக்குள் நுழைவோம். வகுப்பு நான் கணக்குக்காக வைத்துக்கொண்டது. கட்டணம் அந்தப் பல்கலைக்கழகத்தின் அந்த ஆண்டுக் கட்டணத்தை ஒட்டியது.

உள்மாநில மாணவருக்கு ஆண்டுக் கட்டணம் சுமார் 9,600 டாலர். வெளிமாநிலத்தவருக்குச் சுமார் 27,000. ஆண்டுக்கு 30 கிரெடிட் படித்தால், ஒரு கிரெடிட்டுக்கு முறையே 320 டாலரும் 900 டாலரும் ஆகிறது. மூன்று கிரெடிட் கொண்ட ஒரு பாடத்துக்கு 960 டாலர், 2,700 டாலர்.

முதலாண்டு ஸ்பானிஷ் வகுப்பில் 20 பேர். பாதி உள்மாநிலம், பாதி வெளிமாநிலம்.

உள்மாநிலம் 10 பேர்: 9,600 டாலர்
வெளிமாநிலம் 10 பேர்: 27,000 டாலர்
ஒரு வகுப்பின் வரவு: 36,600 டாலர்
ஆசிரியர் ஆண்டுக்கு 8 வகுப்பு எடுத்தால்: 2,92,800 டாலர்

உதவித்தொகையும் கட்டணச் சலுகையும் போகப் பாதிதான் கைக்கு வரும் என்று வைத்தாலும் 1,46,400 டாலர். ஆசிரியருக்கு ஒரு லட்சம் போக 46,400 டாலர் கட்டடத்துக்கும் நூலகத்துக்கும் அலுவலகத்துக்கும் மிஞ்சும். இந்த வகுப்புக்கு ஆய்வகம் வேண்டாம், ரசாயனம் வேண்டாம், விலையுயர்ந்த கருவி வேண்டாம். கரும்பலகையும் சத்தமாக வாய்விட்டுப் பேச ஓர் அறையும் போதும்.

இப்போது மூன்றாமாண்டு ரஷ்ய மொழி வகுப்பு. 8 பேர், நான்கு நான்காகப் பிரித்தால் வரவு 14,640 டாலர். எட்டு வகுப்புக்கு 1,17,120. சலுகை போகப் பாதி 58,560. ஆசிரியர் செலவைவிட 41,440 டாலர் குறைவு. நஷ்டம்தான், மறைக்க வேண்டியதில்லை.

ஆனால் முதலாண்டு ஸ்பானிஷ் வகுப்பின் மிச்சம் 46,400. மூன்றாமாண்டு ரஷ்ய வகுப்பின் குறை 41,440. ஒன்று மற்றொன்றைத் தாங்குகிறது. கூட்டுக் குடும்பம் ஓடுவது இப்படித்தான்: சம்பாதிக்கும் அண்ணன், படித்துக்கொண்டிருக்கும் தம்பி. துறை என்ற குடையின் கீழ் இருவரையும் சேர்த்துப் பார்த்தால் கணக்கு நேராகிறது. தனித்தனியே பிரித்தால் தம்பி பாரமாகத் தெரிகிறான். தங்கள் துறை பல்கலைக்கழகத்துக்குச் சுமையல்ல, வருவாய் தருகிறது என்று மார்கன்டவுன் மொழி ஆசிரியர்கள் வாதாடியது இதனால்தான். எந்த வகுப்பு எதைத் தாங்குகிறது என்பது துறைக்குள் இருப்பவருக்குத் தெரியும். மேலிருந்து பார்க்கும் அட்டவணைக்குத் தெரியாது.

797 வாக்குகள்

இங்குதான் ஆசிரியர் ஆட்சிமுறை வருகிறது. அமெரிக்கப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சங்கம் 1915இல் தோன்றியது. தத்துவ அறிஞர் ஜான் டூயி அதன் முதல் தலைவர். 1966இல் அந்தச் சங்கமும், உயர்கல்வி நிறுவனங்களின் அமைப்பும், நிர்வாகக் குழுக்களின் சங்கமும் கூடி ஓர் அறிக்கையை உருவாக்கின. சாரம் இது: பாடத்திட்டம், கற்பிக்கும் முறை, ஆய்வு, ஆசிரியர் நியமனம் ஆகியவற்றில் முதன்மைப் பொறுப்பு ஆசிரியர்களுக்கு. பணமும் நீண்டகாலத் திட்டமும் நிர்வாகக் குழுவின் பொறுப்பு. அவற்றிலும் ஆசிரியர் குரல் சேர வேண்டும்.

இது ஆசிரியர்களுக்குக் கொடுத்த சலுகை அல்ல, வேலைப் பிரிவினை. எந்தப் பாடத்தை எடுத்தால் எந்தப் பாடம் சாயும் என்று கற்பிப்பவருக்குத்தான் தெரியும். அதனால்தான், நிதி காரணமாக நிரந்தர ஆசிரியரை நீக்குவதென்றால், நிறுவனத்தையே ஆட்டுகிற நெருக்கடி உண்மையில் இருக்கிறதா என்று தீர்மானிப்பதிலும் ஆசிரியர்களுக்குப் பங்கு வேண்டும் என்று பேராசிரியர் சங்கம் வலியுறுத்துகிறது. மார்கன்டவுனில் அப்படியொரு நெருக்கடி நிலை முறைப்படி அறிவிக்கப்படவே இல்லை. பணியிடக் குறைப்புக்கான விதி வெட்டுக்குச் சற்று முன்புதான் திருத்தப்பட்டது. நிரந்தரப் பணி உரிமை பெற்றவர்களும் அந்த விதியின் கீழ் வந்தார்கள்.

2023 செப்டம்பர் 6ஆம் தேதி ஆசிரியர் பேரவை கூடியது. தலைவர் மீது நம்பிக்கையில்லாத் தீர்மானம்: ஆதரவு 797, எதிர்ப்பு 100. வெட்டை நிறுத்திவைக்கக் கோரும் தீர்மானம்: ஆதரவு 747, எதிர்ப்பு 79. முதலாவதில் 89 சதவீதம், இரண்டாவதில் 90 சதவீதம். பொறியாளர், மருத்துவர், இசை ஆசிரியர் எல்லோரும் சேர்ந்த பேரவை இது. தங்கள் வேலைக்கு ஆபத்தில்லாதவர்களும் ஆதரித்தார்கள் என்பதற்கு 797 என்ற எண்ணே சாட்சி. நீக்கப்பட்ட பணியிடங்கள் 143தானே.

அந்த வாக்குகளுக்கு நிர்வாகக் குழுவைக் கட்டுப்படுத்தும் வலு இல்லை. குழு, பல்கலைக்கழகத் தலைவருக்கு ஆதரவு தெரிவித்தது. ஒன்பது நாள் கழித்து வெட்டை நிறைவேற்றியது.

அதற்கு முன், ஆகஸ்ட் 21ஆம் தேதி, வகுப்பை விட்டு நூற்றுக்கணக்கான மாணவர்கள் வெளியேறினார்கள். பலர் கழுத்தில் சிவப்புக் கைக்குட்டை. அந்த மாநிலத்தில் அதற்கு விளக்கம் தேவையில்லை. 1921இல் பிளேர் மலையில் சங்க உரிமைக்காகத் துப்பாக்கி ஏந்திய ஆயிரக்கணக்கான சுரங்கத் தொழிலாளர்கள் கட்டியிருந்தது அதே சிவப்புத் துணி. மொழி வகுப்புக்காகவும் கணித ஆய்வுக்காகவும் அந்தத் துணியைக் கட்டினார்கள் அந்தப் பிள்ளைகள். தங்கள் மாநிலத்தின் மதிப்புமிக்க அடையாளத்தை எடுத்துக் கல்லூரிக்குக் கொடுத்தார்கள். எந்தப் பேரேட்டிலும் ஏறாத வரவு இது. பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள்.

குரல் மெலிந்த கணக்கு

797 வாக்குகள் ஏன் எடைபெறவில்லை என்பதற்கு நாடு தழுவிய எண் ஒன்று உண்டு. 1987இல் அமெரிக்கக் கல்லூரி ஆசிரியர்களில் 47 சதவீதம் பேர் நிரந்தர உரிமைக்கு வெளியே, ஒப்பந்தத்திலோ பகுதிநேரமாகவோ வேலை செய்தார்கள். 2021இல் 68 சதவீதம். நிரந்தர உரிமை பெற்ற முழுநேர ஆசிரியர்கள் 39 சதவீதத்திலிருந்து 24 சதவீதத்துக்கு இறங்கினார்கள். அடுத்த பருவத்துக்கு வகுப்பு கிடைக்குமா என்று தெரியாதவர், பட்ஜெட் கூட்டத்தில் எழுந்து, இந்தக் கணக்கு தப்பு என்று எப்படிச் சொல்வார்? நிரந்தரப் பணி உரிமை குறைவது ஆசிரியரின் சோற்றுப் பிரச்சினை மட்டுமல்ல. கணக்கைத் தணிக்கை செய்ய ஆளில்லாமல் போகிறது.

மொழிகளின் கணக்கும் இதோடு இணைந்தது. நவீன மொழிச் சங்கத்தின் கணக்கெடுப்பின்படி, அமெரிக்கக் கல்லூரிகளில் ஆங்கிலம் அல்லாத மொழிகளில் பதிவு 2016இல் 14,17,921, 2021இல் 11,82,562. 16.6 சதவீதச் சரிவு. ஆர்வம் செத்துவிட்டது என்று இதை வாசிப்பவர்கள் உண்டு. ஆனால் அதற்கு முன், 2013க்கும் 2016க்கும் இடையிலேயே 651 மொழிப் படிப்புகள் மறைந்திருந்தன. கடையை மூடிவிட்டு வாங்க ஆளில்லை என்றால் எப்படி? அதே 2016–2021 காலத்தில் கொரிய மொழிப் பதிவு 38.3 சதவீதம் ஏறியது. பாட்டும் படமும் கேட்டு வளர்ந்த பிள்ளைகள் அந்த மொழி தேடி வந்தார்கள். வகுப்பு இருந்த கல்லூரியில் சேர்ந்தார்கள். ஆர்வம் எப்போது, எந்தத் திசையிலிருந்து வரும் என்று பத்தாண்டுக்கு முன் எந்த அட்டவணையும் சொல்லியிருக்காது. வரும்போது ஆசிரியர் இருக்க வேண்டும்.

வேறொரு ஊர், வேறொரு முடிவு

விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் ஸ்டீவன்ஸ் பாயின்ட் வளாகம் 2018 மார்ச்சில் இதே பாதையில் இறங்கியது. துண்டு இரண்டாண்டுக்கு 45 லட்சம் டாலர். மார்கன்டவுனில் பத்தில் ஒரு பங்கு. நிறுத்தப்போவதாக அறிவித்தவை 13 பட்டப் படிப்புகள்: ஆங்கிலம், வரலாறு, தத்துவம், அரசியல், சமூகவியல், ஸ்பானிஷ், பிரெஞ்சு, ஜெர்மன் என்று கலைக் கல்லூரியின் முதுகெலும்பே அதில் இருந்தது. அங்கும் பின்புலம் ஒன்றுதான். 2015இல் மாநிலம் அந்தப் பல்கலைக்கழக அமைப்புக்கு இரண்டாண்டில் 25 கோடி டாலர் வெட்டியது; உள்மாநில மாணவர் கட்டணத்தை உயர்த்தவும் விடவில்லை. அதே ஆண்டில், நிரந்தரப் பணி உரிமையை மாநிலச் சட்டத்திலிருந்தே நீக்கியது.

ஸ்டீவன்ஸ் பாயின்ட்டில் ஆசிரியர்களும் மாணவர்களும் முன்னாள் மாணவர்களும் விடாமல் எதிர்த்தார்கள். 2018 நவம்பரில் 13 என்பது 6 ஆனது. 2019 ஏப்ரலில் பூஜ்யமானது. ஓய்வு பெற்றவர்கள், தாமாக விலகியவர்கள் போக, வேண்டிய மிச்சம் கிடைத்துவிட்டது. பதிமூன்று மாதம் பொறுத்ததில் 13 படிப்புகள் பிழைத்தன. விலகிப்போன ஆசிரியர்களின் இழப்பு இழப்புதான். ஆனால் வரலாற்றிலும் ஆங்கிலத்திலும் பட்டம் பெறும் வழி அந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு அடைபடவில்லை. மார்கன்டவுனில் முதல் பரிந்துரைக்கும் இறுதி வாக்குக்கும் இடையே இருந்தது 36 நாள்.

நிரந்தரத்தின் விலை

ஒரு மொழி ஆசிரியர் இடத்தை எந்தப் பட்ஜெட்டும் தொட முடியாதபடி நிலைநிறுத்த என்ன செலவாகும்? தமிழர்களுக்கு இந்த எண் தெரியும். ஹார்வர்டில் தமிழ் இருக்கைக்குத் தேவைப்பட்ட தொகை 60 லட்சம் டாலர். உலகெங்கும் இருந்து தமிழர்கள் கொடுத்தார்கள். 2017இல் தமிழ்நாடு அரசு 10 கோடி ரூபாய் கொடுத்தது. முதலைத் தொடாமல் ஆண்டுக்கு 4 சதவீதம் எடுத்தால் 2,40,000 டாலர். அதில்தான் ஓர் இருக்கை நிற்கும்.

மார்கன்டவுன் இழந்த 17 மொழி இடங்களை இந்த வழியில் காப்பதென்றால் 10 கோடியே 20 லட்சம் டாலர் வேண்டும். தங்கள் மொழிமீது உயிரையே வைத்திருக்கும் கோடிக்கணக்கானோர் உலகெங்கும் இருந்ததால் ஓர் இருக்கை கிடைத்தது நமக்கு. 18 லட்சம் பேர் வாழும் மலை மாநிலத்தில் ரஷ்ய மொழிக்கும் ஜெர்மனுக்கும் யார் உண்டியல் குலுக்குவார்கள்? நன்கொடை ஓர் இருக்கையை நிறுத்தும். ஒரு கலைக் கல்லூரியை நிறுத்த வரிப்பணம்தான் வேண்டும். அதற்காகத்தான் 1862இல் சட்டம் எழுதினார்கள்.

ஏட்டில் சேர வேண்டிய நான்கு வரிகள்

கல்லூரிகள் எந்தச் செலவையும் குறைக்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. 10 சதவீத மாணவர் குறைந்த இடத்தில் எல்லாம் பழையபடி நடக்காது. சில படிப்புகள் சேர வேண்டும். சில மூடவும் வேண்டியிருக்கும். ஆனால் படியைக் கற்பிப்பவரும் ஒரு கையால் பிடித்திருக்க வேண்டும். எந்த நாட்டில், எந்த ஊரில் கலைக் கல்லூரிக் குழுவில் உட்கார்ந்திருந்தாலும், அடுத்த வெட்டுப் பட்டியல் மேஜைக்கு வரும்போது வாக்களிக்கும் முன் நான்கு வரிகளைக் கேட்டு வாங்குங்கள்.

ஒன்று: அரசின் பங்கு பத்தாண்டுக்கு முன் எவ்வளவு, இன்று எவ்வளவு. மேற்கு வர்ஜீனியாவில் இந்த ஒரே வரி துண்டில் 84 சதவீதத்தை விளக்கியது.

இரண்டு: பட்டத்துக்குப் பதிந்தவர் எண்ணிக்கையோடு, அந்தத் துறையின் வகுப்பறைகளில் உட்காரும் மொத்தத் தலைகள்.

மூன்று: வெட்டினால் போகும் வரவு. ஆசிரியரோடு சம்பளம் மட்டும் போவதில்லை. அவரது எட்டு வகுப்பின் கட்டணமும் கேள்விக்குள்ளாகிறது.

நான்கு: இந்தக் கணக்கை ஆசிரியர் பேரவை எத்தனை நாள் வைத்திருந்து சரிபார்த்தது. 36 நாளா, 13 மாதமா?

கோர்டன் கீ 2025 கோடையில் பதவி முடிந்து விடைபெற்றார். ஒப்பந்தப்படி நேரத்துக்கு நடந்தது அது. அதற்கு ஓராண்டுக்கு முன்பே, 2024 கோடைக்குள், வெட்டுக்குள்ளான ஆசிரியர்கள் புத்தகங்களை அட்டைப்பெட்டிகளில் அடுக்கி அறைகளைக் காலிசெய்திருந்தார்கள். ஒரு மொழி ஆசிரியரை உருவாக்க, மொழியை முதல் எழுத்திலிருந்து கற்று முனைவர் பட்டம் முடிக்க, பத்தாண்டுக்கும் மேல் ஆகும். நாளை அந்த மாநிலம் மனம் மாறி 17 இடங்களையும் திரும்பக் கொடுத்தாலும், அந்தப் பத்தாண்டை எந்த உபரியிலிருந்தும் எடுத்துக் கொடுக்க முடியாது.